தைப்பூச லோரிக்கு இன்ஷூரன்ஸ் எங்கே?

தண்ணீர்மலை முருகனைக் காண ஒரு முறையாவது பினாங்குக்குப் போகாத தோட்டத்துக் குடும்பம் இந்த வட்டாரத்தில் அபூர்வம். பட்டர்வொர்த் கரையில் காத்துக் கிடந்து பெரியில் ஏறிப் போன காலம் உண்டு. 1985இல் பாலம் திறந்தது. 2014இல் பத்து காவானிலிருந்து இரண்டாவது பாலமும் வந்தது. 2021 முதல் பெரியில் கார், லோரி ஏற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். வழி மூன்று தடவை மாறிவிட்டது. ஆனால் காரில்லாத குடும்பத்துக்கு வாகனம் மட்டும் இன்னும் மாறவில்லை. துரையிடம் கெஞ்சி வாங்கிய லோரி. இல்லையென்றால் யாரோ ஒருவருடைய சாமான் வேன். அதிலே கிழவிகள், கைப்பிள்ளைக்காரிகள், பால்குடம், காவடி, சோற்றுச் சட்டி எல்லாம் ஒன்றாக ஏறிப் போகின்றன.

அந்த லோரிக்கு ரோட்டு வரி கட்டியாயிற்று. இன்ஷூரன்ஸும் கட்டியாயிற்று. கண்ணாடியிலே சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆகையால் நமக்குப் பயமில்லை என்று ஏறி உட்காருகிறோம். அந்த இன்ஷூரன்ஸ் யாருக்கு? லோரிக்கு வெளியே நிற்பவனுக்கு. லோரிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்கு அல்ல! இதை நம் ஜனங்களில் நூற்றுக்கு ஒருவர் கூட அறிந்திருப்பாரா என்பது சந்தேகம். அறிந்த கிராணிமார் சிலர் உண்டு. அவர்களும் வாயைத் திறப்பதில்லை.

இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. பட்டு எழுதுகிறேன்.

1968ஆம் ஆண்டுத் தைப்பூசம். எனக்கு வயது 11. எங்கள் தோட்டம் அக்கரையில், இப்போது செபராங் பிறை என்று சொல்லும் பகுதியில் இருந்தது. பூசத்துக்கு முதல் நாள் மாலை ஸ்டோர் லோரியில் ஏறினோம். எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. 40 பேருக்குக் குறையாது. தலைக்கு 50 காசு டீசலுக்கென்று தண்டல் வசூலித்தார் என்பார் சிலர். இல்லை, சும்மாதான் கொண்டுபோனார்கள் என்பார் சிலர். அந்த 50 காசு பிறகு பெரிய விஷயமாகப் போயிற்று. அதைப் பின்னால் சொல்கிறேன். கடைத்தெரு வளைவிலே ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். கூட்டம் மொத்தமும் இடப்பக்கம் சாய்ந்தது. பக்கப் பலகையைத் தாங்கியிருந்த இரும்பு ஊசி பிய்த்துக்கொண்டது. பலகையோடு ஐந்து பேர் ரோட்டிலே விழுந்தார்கள். அதில் ஒருவர் என் பெரியம்மா. இடுப்பு எலும்பு முறிந்தது. அதே பலகை, ஓரத்தில் தள்ளுவண்டி வைத்துக் காய்கறி விற்ற ஒரு சீனர் காலின்மேல் விழுந்து அவருக்கும் காயம்.

சீனருக்கு ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் பணம் வந்தது. அவருக்கு வந்தது நியாயமே. அதைக் குறை சொல்ல வரவில்லை. லோரியின் பலகையும் புதிதாகப் போடப்பட்டது. பெரியம்மாவுக்கு வந்தது இங்கிலீஷில் ஒரு கடிதம். என் தகப்பனார் அதை எடுத்துக்கொண்டு பெரிய கிராணியிடம் போனார். நானும் கூடப் போனேன்.

“ஏம்ப்பா, பயணிக்கு இதிலே ஒண்ணும் கிடையாதுன்னு எழுதியிருக்கான்.”

“பயணி யாருங்கய்யா? நாங்க தோட்டத்து ஆளுங்கதானே?”

கிராணியார் பதில் சொல்லவில்லை. அவர் கெட்டவர் அல்ல. தம் கைக்காசில் 10 வெள்ளி எடுத்துக் கொடுத்தார். தோட்டத்திலிருந்து 50 வெள்ளியும் ஒரு மூட்டை அரிசியும் வந்தன. பெரியம்மா அதன்பிறகு வாளி தூக்கவில்லை. புல்லு வெட்டுக்கும் லாயக்கில்லை என்று பேர் வெட்டப்பட்டது.

ரோட்டில் நின்றவருக்குப் பணம், வண்டியில் இருந்தவருக்குக் கடிதம். இது அந்தக் கம்பெனி செய்த சூது என்றுதான் வெகு காலம் எண்ணியிருந்தேன். சூது அல்ல, சட்டமே அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

சட்டம் சொல்வதைக் கூடியவரை எளிதாகச் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 90ஆம் பிரிவு: மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸ் இல்லாமல் எந்த மோட்டார் வாகனத்தையும் ரோட்டில் ஓட்டக்கூடாது. ஓட்டினால் அபராதம் உண்டு, ஜெயிலும் உண்டு. நல்லது. அடுத்த 91ஆம் பிரிவு, அந்த இன்ஷூரன்ஸ் யாரை மூடவேண்டும் என்று சொல்கிறது. அங்கேதான் கத்தி இருக்கிறது. வண்டிக்குள் ஏற்றிச் செல்லப்படுபவர்கள், ஏறுபவர்கள், இறங்குபவர்கள் ஆகியோருக்கு நேரும் சாவுக்கும் காயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை. இதற்கு விலக்கு இரண்டே இரண்டு. ஒன்று, கூலி வாங்கிக்கொண்டு ஏற்றிய பயணி, அதாவது பஸ், டாக்சி போல. இன்னொன்று, வேலை ஒப்பந்தத்தின் காரணமாக ஏற்றப்பட்டவர். இந்த இரண்டிலும் சேராதவர்களைக் கம்பெனி விட்டுவிடலாம்.

இது 1987இல் புதிதாகப் பிறந்த விதியும் அல்ல. 1958ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும் இதுவே இருந்தது. அதற்குத் தாய், பிரிட்டன் 1930இல் இயற்றிய சட்டம். வெள்ளைக்காரன் அவன் ஊருக்கு எழுதியதை நாம் அப்படியே பிரதி எடுத்தோம். எழுதியவனோ தன் ஊரில் இது அநியாயம் என்று கண்டு, 1971இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, 1972 டிசம்பர் முதல் பயணிகளுக்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று ஆக்கிவிட்டான். பிரதி எடுத்த நாம் மட்டும் பழைய தாளை இன்னும் மடித்து வைத்துக்கொண்டிருக்கிறோம். அரை நூற்றாண்டு போய்விட்டது!

இனி தைப்பூச லோரியை இந்தச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

தோட்டம் இனாமாக லோரி கொடுத்தது என்று வையுங்கள். கூலி இல்லை, வேலையின் பொருட்டும் ஏறவில்லை, சாமி கும்பிட ஏறினோம். ஆகவே நம்மைக் காக்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை. லோரி பாலிசிகளில் சாதாரணமாக அச்சடித்திருப்பதும் இதே விலக்குதான். சரி, தலைக்கு 50 காசோ 5 வெள்ளியோ வசூலித்தார்கள் என்று வையுங்கள். இப்போது கூலிப் பயணம் ஆகிவிட்டது. சட்டப்படி இன்ஷூரன்ஸ் இருக்கவேண்டும். ஆனால் கம்பெனி என்ன சொல்லும்? “நாங்கள் பாலிசி கொடுத்தது சாமான் லோரிக்கு. கூலிக்கு ஆள் ஏற்றுவதற்குக் கொடுக்கவில்லை” என்னும். பர்மிட் கொடுத்த இலாகாவும் அதையே சொல்லி லோரிக்காரன்மேல் வழக்குப் போடும். தண்டல் வாங்கிய 50 காசு ஏன் பெரிய விஷயமாயிற்று என்பது இப்போது விளங்குகிறதல்லவா? காசு கொடுக்காமல் ஏறினால் கட்டாயமில்லை. காசு கொடுத்து ஏறினால் பாலிசியில் இல்லை. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது.

“டிரைவர்மேல் வழக்குப் போடலாமே?” என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். போடலாம். ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். தீர்ப்பை எடுத்துக்கொண்டு போய் யாரிடம் பணம் கேட்பது? டிரைவரும் நம்மைப்போல லயத்தில் குடியிருப்பவர். தோட்டத்தின்மேல் போடலாம் என்றால், “நாங்கள் லோரி கொடுக்கவே இல்லை, டிரைவர் தானாக எடுத்துப் போனான்” என்று ஒரு வாய்ச்சொல் போதும். வாயால் கேட்டு வாயால் கொடுத்த லோரிக்குச் சாட்சி ஏது? மோட்டார் இன்ஷூரர்ஸ் பீரோ என்று ஒன்று 1960களின் கடைசியிலிருந்து இருக்கிறது. இன்ஷூரன்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமற்போனவர்களுக்கு அது ஒரு கதவு. ஆனால் இன்ஷூரன்ஸே கட்டாயமில்லாத இனாம் பயணிக்கு அந்தக் கதவும் திறக்க வழியில்லை.

“சொக்சோ இருக்கிறதே” என்று சிலர் தைரியம் சொல்வார்கள். இருக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டம், 1971இல் தொடங்கிற்று, நல்ல காரியம். லயத்திலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் அடிபட்டால் அது பார்த்துக்கொள்ளும். 2019 முதல் அந்நிய நாட்டுத் தொழிலாளருக்கும் வேலை விபத்துக்கு உண்டு. இன்று பல தோட்டங்களில் பால் வெட்டுவது பங்களாதேஷ்காரரும் இந்தோனேசியரும்தானே. அவர்களுக்கும் அது கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சி. ஆனால் வேலைக்கான சொக்சோ கோயிலுக்கு வராது. சாவு வீட்டுக்கு வராது. கல்யாணத்துக்கு வராது. மேலும் லோரியில் இருப்பவர்களில் சந்தா கட்டிய தொழிலாளி எத்தனை பேர்? பாதிக்கு மேல் கிழவர், பெண்டு, பிள்ளை.

இந்த இடத்தில் ஒரு நல்ல தீர்ப்பையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நமக்குப் பயன்படும். இங்கிலாந்தில், வேலைத்தளத்திலிருந்து லோரியில் வீடு திரும்பிய ஒரு கட்டடத் தொழிலாளி விபத்தில் மாண்டார். லோரி அவர் முதலாளியுடையது அல்ல, வேறொருவருடையது. “எங்கள் பாலிசிதாரருக்கு அவர் வேலைக்காரர் அல்லவே” என்று கம்பெனி கையை விரித்தது. 1937இல் பிரபுக்கள் சபை ஒப்பவில்லை. யாருடைய வேலை ஒப்பந்தமானாலும் சரி, அதன் காரணமாக ஏறியவர் என்றால் கம்பெனி கொடுக்கவேண்டும் என்று தீர்த்தது. காண்டிராக்டரின் லோரியில் வெளிக்காட்டுக்குப் போகும் நம் ஆட்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். தோட்டத்து லோரி இல்லை, காண்டிராக்டர் லோரி என்ற ஒரு சொல்லுக்காக உரிமையை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் கோயிலுக்குப் போகிறவனை அந்தத் தீர்ப்பும் காப்பாற்றாது. இந்தியாவிலே என்ன நடந்தது தெரியுமா? அங்கும் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் லோரி ஏறுவது நம் ஊரைப்போலத்தான்; நாம் அங்கிருந்துதானே வழக்கத்தைக் கொண்டுவந்தோம். சாமான் லோரியில் இனாமாக ஏறியவனுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கவேண்டும் என்று டில்லி உச்ச நீதிமன்றம் ஒரு தடவை சொல்லிற்று. 2002 டிசம்பரில் அதே நீதிமன்றம், கொடுக்கவேண்டியதில்லை என்று மாற்றிச் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரன் சரக்கோடு ஏறினால் உண்டு. சும்மா ஏறினால் இல்லை. அதாவது, ஒரு மூட்டை வெங்காயத்தைக் கூடக் கொண்டு போனால் மனிதனுக்கு மதிப்பு. வெறுங்கையோடு போனால் மதிப்பில்லை! சட்டம் சிரிக்க வைக்கவும் செய்கிறது.

சிங்கப்பூரில் வேறு கூத்து. அங்கே பயணிகளுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம்தான். ஆனால் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளரை லோரித் தட்டிலே ஏற்றுவது அங்கே இன்றும் அனுமதிக்கப்பட்ட காரியம். 2021 ஏப்ரலில் 17 பேரை ஏற்றிய லோரி ஒன்று மோதி இரண்டு பேர் மாண்டார்கள். பஸ்ஸில் ஏற்றுங்கள் என்று பல அமைப்புகள் 2023இல் கேட்டுக்கொண்டன. தடை போட்டால் சிறு கம்பெனிகள் தாங்கமாட்டா என்று அரசாங்கம் பதில் சொன்னது. அவ்வளவு பணமுள்ள ஊரிலேயே கணக்குப் பார்க்கிறார்கள் என்றால், நம் துரைமார் பார்ப்பதில் வியப்பென்ன?

இப்போது வரிக்கு வருவோம்.

ஒரு கார் என்றால் அதன் என்ஜின் அளவுக்கு வரி. லோரி என்றால் எடைக்கு வரி. லோரியின் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கிறதே, வெறும் வண்டி எத்தனை கிலோ, சாமானோடு எத்தனை கிலோ என்று, அந்தக் கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போகவேண்டும். டயர், பிரேக், புகை எல்லாம் பார்ப்பார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் வரி கட்டவும் முடியாது. ஆக, சர்க்கார் எடையைப் பார்க்கிறது, புகையைப் பார்க்கிறது, இன்ஷூரன்ஸ் சீட்டைப் பார்க்கிறது. ஏறுகிறவன் யார் என்று மட்டும் பார்ப்பதில்லை. பார்க்கும் ஒரே ஆள் பாலத்து ஓரத்தில் நிற்கும் போலீஸ்காரர். தட்டிலே ஆள் இருந்தால் அவர் சம்மன் கொடுப்பார். சம்மனால் யாருடைய இடுப்பும் சேர்ந்துவிடாது.

கம்பெனி வாகனத்தைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவது என்று ஒன்று இருப்பதே சர்க்காருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! துரைக்கு நிர்வாகம் கார் கொடுக்கிறது. அவர் அதில் மனைவி மக்களோடு ஜார்ஜ் டவுனுக்குப் போகிறார், கிளப்புக்குப் போகிறார். வருமான வரி இலாகா இதற்கென்று அட்டவணையே வைத்திருக்கிறது. காரின் விலை 1 லட்சத்துக்கு மேல் 150,000 வெள்ளிக்குள் என்றால், ஆண்டுக்கு 5,000 வெள்ளி அவர் வருமானத்தில் சேர்த்துக் கணக்கு. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கார் என்றால் பாதி. பெட்ரோலுக்குத் தனிக் கணக்கு. எவ்வளவு நுணுக்கம் பாருங்கள். துரையின் சொந்தக் காரியத்துக்கு அட்டவணை எழுதத் தெரிந்தவர்களுக்கு, தொழிலாளி ஆண்டில் ஒரு நாள் ஏறும் லோரிக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லை.

சின்ன வேன்காரர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். தோட்டம் விற்றுப்போய், வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தபின், பால் வெட்டிய கையால் ஸ்டீரிங் பிடித்தவர்கள் நம்மில் பலர். கிடைத்த சேமநிதியில் ஒரு பழைய சாமான் வேன். காலையில் காய்கறி, மாலையில் பசார் மாலாம். வியாபாரம் நின்றுபோனபின் அந்த வேனில் பெண்சாதி பிள்ளைகளை ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போகிறார். சாமான் ஒரு கிலோ ஏற்றுவதில்லை. ஆனாலும் பதிவுப் புத்தகத்தில் அது சாமான் வாகனம். வரி அந்தக் கணக்கில். ஆறு மாதப் பரிசோதனை அந்தக் கணக்கில். இன்ஷூரன்ஸில் விபத்தில்லாமல் ஓட்டியவனுக்குக் கழிவு உண்டல்லவா? கார்க்காரருக்கு அது ஐந்து ஆண்டில் நூற்றுக்கு 55 வரை ஏறும். சாமான் வாகனக்காரருக்கு மூன்று ஆண்டில் 25. அதற்குமேல் அவர் முப்பது ஆண்டு எறும்பைக்கூட மிதிக்காமல் ஓட்டினாலும் 25தான். வியாபாரம் செய்யும் வண்டி ரோட்டில் அதிகம் ஓடுகிறது, ஆபத்து அதிகம் என்பது கம்பெனியின் நியாயம். ஓடும் வண்டிக்கு அந்த நியாயம் சரி. வாரத்தில் ஒரு நாள் கோயிலுக்குப் போகும் வண்டிக்கு அது எப்படிப் பொருந்தும்?

இனத்தை மாற்றிக்கொள்ளலாமே என்றால், மாற்றலாம். ஜே.பி.ஜே.க்கு அலைய வேண்டும், பரிசோதனைக்கு நிற்க வேண்டும், இருக்கை, ஜன்னல் எல்லாம் விதிப்படி இருக்க வேண்டும். 60 வயதுப் பால்வெட்டுக்காரர் அந்தப் பாரங்களை நிரப்பிவிட்டு வருவதற்குள் வேன் துருப்பிடித்துவிடும். இதில் சங்கக் கிளைகள் உதவ வேண்டும்; கிராணிமார் உதவ வேண்டும். எழுதத் தெரிந்த கை எதற்கு இருக்கிறது? சாமான் ஏற்றாத பழைய வேனைச் சொந்த வாகனமாக மாற்ற ஒரே பாரம், ஒரே நாள் என்று ஏற்பாடு செய்யச் சொல்லி நாம் போக்குவரத்து அமைச்சைக் கேட்கவும் வேண்டும்.

சொந்தக் கார் உள்ளவர்களும் சும்மா இருந்துவிடாதீர்கள். கார் பாலிசியோடு கொடுக்கும் விளக்கத் தாளைப் படியுங்கள். காருக்குள் இருக்கும் பயணிகள் உங்கள்மேல் கொண்டுவரும் கோரிக்கையை இந்தப் பாலிசி மூடாது என்று அதிலே சாதாரணமாக எழுதியிருக்கும். அக்காள் மகளை ஏற்றிக்கொண்டு போய் அடிபட்டால் அவளுக்கு உங்கள் சட்டைப் பைதான் இன்ஷூரன்ஸ். இதற்குத் தனியாக ஒட்டுச் சீட்டு விற்கிறார்கள். அதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது, கிராணிமார் கவனிக்கவேண்டும். ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு ஒட்டுச் சீட்டுகள் உண்டு. ஒன்று, பயணிகளுக்கு நேரும் காயத்துக்கு நீங்கள் கொடுக்கவேண்டிய பொறுப்பு. இன்னொன்று, பயணிகள் செய்யும் தவறினால் பிறருக்கு நேரும் நட்டம்: பிள்ளை கதவைத் திறந்து மோட்டார் சைக்கிள்காரனைத் தள்ளிவிடுவது போல. நமக்கு முக்கியம் முதலாவது. இரண்டாவதை வாங்கிவிட்டு முதலாவது இருக்கிறது என்று நம்பி ஏமாந்தவர்களை நான் அறிவேன்.

தோட்ட நிர்வாகத்தை நாம் கேட்பது இதுதான். பண்டிகைக்கோ சாவுக்கோ லோரி கொடுப்பதானால், பயணிகளுக்கான பொறுப்பையும் சேர்த்து எழுதிய பாலிசியோடு கொடுங்கள். கம்பெனி சாமான் லோரிக்கு அப்படி எழுத மறுக்குமானால், லோரியை விட்டுவிட்டு லைசென்ஸ் உள்ள பஸ்ஸை அமர்த்திக் கொடுங்கள். பஸ்ஸில் ஏறியவன் கூலிப் பயணி. அவனுக்குச் சட்டப்படி இன்ஷூரன்ஸ் இருக்கிறது. பால் போகும் வழியில் கவிழ்ந்தால் நட்டமாகுமே என்று சரக்குக்குத் தனி இன்ஷூரன்ஸ் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாத வித்தை அல்ல.

“அப்படியானால் லோரியே கிடையாது” என்று சில துரைமார் சொல்வார்கள். சொல்லியும் இருக்கிறார்கள். இதைக் கேட்டு நம் ஆட்களே நம்மைக் கோபித்துக்கொள்வார்கள்: “சும்மா கிடைத்ததையும் கெடுத்தீர்களே!” என்று. அந்தக் கோபத்துக்கு நாம் பயப்படப்போவதில்லை. லோரி நின்றால் நிற்கட்டும். ஒரு தோட்டத்தில் 40 பேர் சேர்ந்தால் பஸ் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். நிர்வாகத்தைப் பாதி கொடுக்கச் சொல்லிப் போராடலாம். பஸ்ஸுக்குப் போராடலாம், முறிந்த இடுப்புக்குப் போராடிப் பார்த்தவன் நான், ஒன்றும் ஆகவில்லை.

“பிரீமியம் ஏறிவிடும்” என்பது கம்பெனிகளின் பாட்டு. ஏறட்டும். பிரிட்டனில் 1972இல் ஏறித்தான் இருக்கும். கம்பெனிகள் கடையை மூடிவிட்டுப் போகவில்லை.

“முருகன் பார்த்துக்கொள்வான்” என்பாரும் உண்டு. பெரியம்மாவும் அப்படித்தான் சொன்னார், லோரியில் ஏறும்போது. முருகன்மேல் பாரத்தைப் போடுவது பக்தி. துருப்பிடித்த ஊசியின்மேல் 40 பேரைப் போடுவதற்குப் பக்தி என்று பெயரில்லை.

சட்டசபையில் இருக்கும் நம் பிரதிநிதிகளுக்கும் ஒரு சொல். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் மாலை வாங்கிக்கொண்டு பந்தலில் உட்காருகிறீர்கள். மகிழ்ச்சி. அந்த மேடையிலிருந்து பார்த்தால் கூட்டம் தெரியும். கூட்டம் எதில் ஏறி வந்தது என்பது தெரியாது. 91ஆம் பிரிவில் பயணிகளை விலக்கிய அந்தச் சில சொற்களை எடுத்துவிடச் சொல்லி நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள். நீண்ட சட்டம் வேண்டாம். புதிய இலாகா வேண்டாம். சில சொற்களை அடித்தால் போதும்.

கிராணிமார்களே, இனி உங்களிடம் நேரே பேசுகிறோம். தோட்டத்து லோரிக்கு ஆண்டுதோறும் வரிச் சீட்டும் பாலிசியும் வருவது உங்கள் மேசைக்கு. எந்த உபயோகத்துக்கு என்று எழுதிய இடம் ஒன்று பாலிசியில் இருக்கும், அதைப் படியுங்கள். பயணிகள் பற்றிய விலக்கு எங்கே என்று தேடுங்கள். படித்ததைத் தமிழில் பிரட்டுக் களத்தில் சொல்லுங்கள். இது ரகசியக் காகிதம் அல்ல. நம் உயிர் சம்பந்தப்பட்ட காகிதம். லோரி கேட்டு எழுதும் கடிதத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்து, அனுமதியைத் துரை கையெழுத்தோடு எழுத்தில் வாங்குங்கள். தேதி, வண்டி நம்பர், டிரைவர் பெயர், போகுமிடம் நான்கும் இருக்கவேண்டும். தலைக்கு இத்தனை என்று காசு வசூலிக்க யாரையும் விடாதீர்கள். விட்டால் வழக்கே கெட்டுப்போகும்.

பால்வெட்டுத் தோழர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஏறுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த வண்டி இன்ஷூரன்ஸ் எங்களுக்கும் உண்டா?” உண்டு என்றால் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றாலும், தெரியாது என்றாலும் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். லோரி, டிராக்டர் தொட்டி, காண்டிராக்டர் பிக்கப் எதுவானாலும் இதே கேள்விதான்.

உங்கள் தோட்டத்து லோரிப் பாலிசியில் பயணிகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒரு பிரதி எடுத்து, அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் பரவாயில்லை. கூட்டத்தில் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. எத்தனை தோட்டத்தில் உண்டு, எத்தனை தோட்டத்தில் இல்லை என்று தைப்பூசத்துக்கு முன் இந்தப் பத்திரிகையிலேயே பட்டியல் போடுவோம்.